எனக்கும் ஒரு தாய்

வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கிய முதல் வருடமே எனக்கு டெங்கு வந்தது. வீட்டார் எல்லாரும் மட்டக்களப்பில். சபையில் எனக்கு முன் வாங்கில் இருக்கும் ஒரு அன்ரி, அதுவரை ‘ஸ்தோத்திரம்’ தவிர நாங்கள் வேறொன்றும் பேசியதில்லை, ஐந்து நாளும் காலி வீதியைக் கடந்து கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

அப்புறம்தான் பைபிளில் ரோமர் 16:13 எனக்குப் பிடிபட்டது. ரோமச் சபையாருக்கு எழுதும் அப்போஸ்தலன் பவுல், அங்குள்ள ரூபின் தாயை ‘எனக்கும் தாய்’ என்கிறார். அந்தத் தாய் அவருக்கு என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. கஞ்சியாகக்கூட இருக்கலாம்.

மாற்கு 3-ல் தாயும் சகோதரரும் வெளியே நின்று கூப்பிட, ‘என் தாய் யார்?’ என்று இயேசு கேட்பதைக் காட்டி, அவர் சொந்த வீட்டாரை ஒதுக்கிவிட்டார் என்பார்கள் சிலர். எனக்கு அது சரியாகப் படவில்லை. தேவனுடைய சித்தத்தைச் செய்கிறவர்களே என் சகோதரரும் தாயும் என்று அவர் சொன்னது வாசலை அகலத் திறக்கத்தான். சிலுவையில் தொங்கும்போதும் தாயைச் சீடனிடம் ஒப்படைத்தவர் அவர்.

எனக்குக் கஷ்டமானது பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதம். பிலேமோனின் அடிமை ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எஜமானுக்கே எழுதுகிறார் பவுல். அப்படியென்றால், எங்களுக்கு முன் அதே கட்டிடத்தில் சிங்கள ஆராதனை முடித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் எனக்கு யார்? இத்தனை வருடமாக வாசலில் சிரித்துவிட்டுப் போகிறோம், பெயர்கூடத் தெரியாது. போன ஞாயிறு ஒருவரிடம் கேட்டேன். அவிசாவளையிலிருந்து பஸ்ஸில் வருகிறாராம். வருகிற வாரம் பிளேன்ரீ குடிக்க நிற்கச் சொல்லியிருக்கிறேன்.