தீக்குச்சிப் பம்பரம்

பிஸ்கட் டப்பா அட்டையில் 5 செ.மீ. அகல மூடியை வைத்து மூன்று வட்டம் வரைந்து வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுங்கள். ஒற்றை அட்டைக்குக் கனம் போதாது, சீக்கிரம் சாய்ந்துவிடும்.

நடுப்புள்ளிதான் பம்பரத்துக்கு உயிர். அதே அளவு காகித வட்டத்தை இரண்டு முறை பாதியாக மடித்துப் பிரித்தால், மடிப்புகள் வெட்டும் இடமே நடு. அங்கே பெரியவர்தான் ஊசியால் துளையிட வேண்டும்.

மருந்தைக் கிள்ளிவிட்ட மரத் தீக்குச்சியை இறுக்கமாகச் செருகுங்கள். மெழுகுக் குச்சி வளையும். கீழே 1 செ.மீ. மட்டும் நீட்டட்டும். கூடினால் தள்ளாடும். துளை தொளதொளத்தால் குச்சிதான் சுற்றும், அட்டை சுற்றாது. ஒரு சொட்டுப் பசை வைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

நாலு வயதுப் பிள்ளைகளுக்கு விரலால் சுண்டுவது கஷ்டம். அவர்களுக்கு 10 செ.மீ. ஊதுபத்திக் குச்சி செருகிக் கொடுங்கள். பருப்பு மத்தை உருட்டுவதுபோல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி அழகாக விட்டுவிடுவார்கள்.