24 மணி நேரம், 19 சுற்று

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டம் ஒன்றில், பழைய பெரட்டுக்களத்தில் (காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் திடல்) தொடங்கி அங்கேயே முடியும் 11 கிலோமீட்டர் செம்மண் சடக்கை (பாதையை), சனிக்கிழமை நண்பகல் 12 மணி முதல் மறுநாள் நண்பகல் வரை மலைச் சைக்கிள் போட்டி ஒன்றில் தனியாளாகச் சுற்றினேன். மணி அடிப்பதற்குள் முடியாத சுற்று கணக்கில் சேராது என்பது விதி. எட்டு மாதப் பயிற்சியில் ஒரே மூச்சாக நான் ஓட்டியிருந்தது 11 மணி நேரம்தான்.

இத்தகைய மலைச் சைக்கிள் போட்டி 1992இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், கானான் என்னும் இடத்தில், குழுவினர் மாறி மாறி ஓட்டுவதாகத் தொடங்கியது. 1996இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்பவர் தம் பெயரையே நான்கு விதமாக எழுதி நால்வர் குழுவாகப் பதிந்து, முழுவதையும் தாமே ஓட்டினார். எனக்கு அந்தத் தந்திரம் தேவைப்படவில்லை. தனியாள் பிரிவு இருந்தது. ஆனால், கோடையில் போட்டி நடத்தும் மேலைநாட்டாரின் விளக்குக் கணக்கு நமக்கு உதவாது. அங்கே இரவு குறுகியது. நமக்கோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேர இருட்டு. நடுத்தர வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் தாங்கும் மின்கலங்கள் நான்கை ஹேண்டில் விளக்குக்கு வைத்துக்கொண்டு, தலைக்கவச விளக்கை இறக்கங்களில் மட்டும் எரித்தேன்.

டயரில் டியூப் இல்லை. ஓட்டை விழுந்தால் அடைக்கும் திரவம்தான் உள்ளே. அதில் இயற்கை ரப்பர்ப் பாலும், அது உறையாதிருக்க அமோனியாவும் கலந்திருக்கும். முதல்நாள் இரவு ஊற்றியபோது, 22 ஆண்டு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த அம்மா எட்டிப்பார்த்து, "பால் ஸ்டோர் வாசனையால்ல இருக்கு" என்றார். ஏழாவது சுற்றில் செம்பனை மட்டையின் முள் பின்டயரில் ஏறியது. வெள்ளையாகக் கொப்பளித்து, நான்கைந்து சுழற்சிக்குள் தானே அடைத்துக்கொண்டது.

கெடுத்தது பிரேக்தான். மாலை ஐந்து மணிக்குக் கொட்டிய மழையில் செம்மண் களிம்பாகி, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அப்பிக்கொண்டது. பிசின் வகை பிரேக் பேட்கள் ஈரச் சேற்றில் விரைவில் தேயும் என்று தெரிந்தும், சத்தம் குறைவு என்பதற்காக அவற்றையே போட்டிருந்தேன். எட்டாவது சுற்றில் பின்பிரேக்கை இழுத்தால் நெம்புகோல் ஹேண்டிலைத் தொட்டது; பிரேக் வட்டில் உலோகம் உரசும் ஓசை ஆந்தைப் பெட்டிகள் வரை கேட்டிருக்கும். (எலிகளைக் கட்டுப்படுத்தத் தோட்டத்தார் கம்பங்களில் அப்பெட்டிகளை வைத்திருக்கிறார்கள், இரவில் வெள்ளை முகமொன்று என்னை இருமுறை நிதானமாகப் பார்த்தது.) உலோக வகைப் பேட்களை மாற்றுகையில் அவற்றைப் பிடித்து நிறுத்தும், விரலளவுகூட இல்லாத கவைக் கம்பி சேற்றில் விழுந்துவிட, அண்ணன் மகன் கைவிளக்கோடு மண்டியிட்டுத் தேடினான். 35 நிமிடம் போனது.

அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே உடல் வெப்பம் தாழும். தூக்கம் கண்ணைச் செருகும். மட்டைக் குவியல்கள் படுத்திருக்கும் மாடுகளாகத் தெரியத் தொடங்கியதும் இறங்கிவிட்டேன். அம்மா உப்புப் போட்ட கஞ்சியை நீட்டி, "நாங்கள்லாம் வெட்டுக்குக் கெளம்புற நேரம்பா இது, நீ என்னடான்னா சாயிற" என்றார். 20 நிமிடம் என்று படுத்தவன் 50 நிமிடம் தூங்கிவிட்டேன். எழுப்பச் சொல்லியிருந்த அண்ணன் மகன் எனக்கு முன்பே தூங்கியிருந்தான்.

சைக்கிள் ஓடிய நேரம் 19 மணி 40 நிமிடம், தூரம் 209 கிலோமீட்டர். எஞ்சிய நேரமெல்லாம் கூடாரத்தில் கழிந்தது. நான் திட்டமிட்டிருந்தது இரண்டு மணி நேரம். மெதுவாக ஓட்டியதால் இழந்ததைவிட, நாற்காலியில் உட்கார்ந்து இழந்ததே அதிகம். அடுத்த முறை அந்த நாற்காலியை வீட்டிலேயே விட்டுவிடுவேன்.

19ஆவது சுற்றை முடித்தபோது மணி 11:12. இன்னும் 48 நிமிடம் இருந்தது. முதல்நாள் பகலில், வீம்புக்கு விரட்டிய தொடக்கச் சுற்றுகள் நான்கையும் தலா 46 நிமிடத்தில் முடித்திருந்தேன்; இப்போதோ ஒரு சுற்றுக்கு 70 நிமிடம் பிடித்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினேன். ஹேண்டிலை அழுத்தியே நரம்பு மரத்துப்போனதில், மோதிர விரலும் சுண்டு விரலும் ஒன்பது நாளாகியும் இன்னும் சட்டைப் பொத்தானுக்கு மடங்க மறுக்கின்றன.