கருப்பியின் முதுகில் பொடுகு: ஐந்து மாத அலைச்சல்

எங்கள் பூனை கருப்பிக்கு ஆறு வயது. பெயருக்கேற்ற நிறம், அதனால் முதுகில் வெள்ளைச் செதில் விழ ஆரம்பித்ததும் உடனே கண்ணில் பட்டுவிட்டது. வாலுக்குச் சற்று மேலே, இடுப்புப் பக்கம், கறுப்புத் துணியில் கோலமாவு சிந்தியது போல இருக்கும். தடவினால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். தைப்பூசம் முடிந்த வாரம் அது. இப்போது ஜூன். நடுவில் நான் அலைந்ததில் பாதி தேவையே இல்லாத அலைச்சல். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முடியைப் பிரித்துப் பார்க்கவில்லை, என்ன சாப்பிடுகிறது என்று கேட்கவில்லை. ஒரு ஊசி, ஒரு ஷாம்பு, வாரம் ஒரு முறை குளிப்பாட்டச் சொன்னார்கள். 130 மலேசிய வெள்ளி. இரண்டு வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் முன்பைவிட அதிகமாகச் செதில். நான் வாரா வாரம் குளிப்பாட்டியது தோலில் இயற்கையாக இருந்த எண்ணெய்ப்பசையையும் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தெரிந்தவர்கள் பிறை என்ற ஊரில் ஒரு டாக்டரைச் சொன்னார்கள். பினாங்குத் தீவில் நாங்கள் இருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போக வேண்டும். கைப்பேசியில் கூப்பிட்ட கார்கள் இரண்டு, பூனைக்கூண்டைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டன. மூன்றாவது கார்க்காரர் நல்ல மனிதர், ஏற்றிக்கொண்டார். அவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்தால், டாக்டர் கருப்பியின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "எண்ணெய் பூசினீங்களா அக்கா?"

பூசியிருந்தோம். முந்தின நாள் இரவு அம்மா தேங்காய் எண்ணெயைச் சூடு காட்டித் தடவிவிட்டிருந்தார். பிள்ளைகளுக்குத் தலை வறண்டால் செய்கிற மாதிரி. அம்மாவின் அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செதிலை டேப்பில் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எண்ணெய் இருந்தால் டேப் ஒட்டாது. பத்து நாள் கழித்து, குளிப்பாட்டாமல், எதுவும் தடவாமல் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு நாள் வீண். தயவுசெய்து தோல் பிரச்சினைக்காகப் பூனையைக் காட்டப் போகும் முன் சுத்தம் செய்கிறேன் என்று எதையும் செய்யாதீர்கள். அழுக்கோடும் செதிலோடும் அப்படியே கொண்டுபோங்கள். தேங்காய் எண்ணெய் தோலுக்குள் போய்ச் சரிசெய்வதும் இல்லை. பூனை அதை நக்கியே தீரும், வயிறுதான் போகும்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். முதல் கிளினிக்கில் போட்டது என்ன ஊசி? எனக்குத் தெரியவில்லை. ரசீதில் "ஊசி – 1" என்று மட்டும் இருந்தது. போன் போட்டேன். மருந்தின் பெயரைப் போனில் சொல்ல மாட்டோம் என்றார் கவுண்டரில் இருந்தவர். மறுநாள் டாக்டர் லீவு. அதற்கு மறுநாள் கோப்பு கிடைக்கவில்லை. சனிக்கிழமை நேரில் போய் உட்கார்ந்தேன். ஒன்றே கால் மணி நேரம். என் பூனையின் உடம்பில் ஏற்றிய மருந்தின் பெயர் எனக்கு வேண்டும், எழுதித் தரும்வரை போக மாட்டேன் என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, ஆனால் நகரவும் இல்லை. கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பல வாரம் உடம்பில் நின்று வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி அது.

அந்தச் சீட்டைப் பார்த்ததும் பிறை டாக்டரின் முகம் மாறியது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கி வைக்கும், காரணத்தைத் தொடாது. உள்ளே படர்தாமரை இருந்தால் அது இன்னும் பரவ இடம் கொடுக்கும். பருமனான பூனைக்குத் திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை நோயே வரலாம். கருப்பி அன்று 6.2 கிலோ. உடனே ரத்தம் எடுத்து சர்க்கரை பார்த்தார். அந்த இருபது நிமிடம் கூண்டின் கம்பிக்குள் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

மற்றச் சோதனைகள் சுலபமாக முடிந்தன. டேப்பில் செய்லெட்டியெல்லா என்ற சிற்றுண்ணி இல்லை. அது இருந்தால் செதில்களே நகர்வது போலத் தெரியுமாம், "நடக்கும் பொடுகு" என்பார்கள். படர்தாமரைக்காகப் பார்த்த புறஊதா விளக்கில் எதுவும் ஒளிரவில்லை. ஆனால் படர்தாமரையில் ஒளிராததும் உண்டு என்று முடி பிடுங்கி, பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினார். மூன்று வாரம் கழித்து அதுவும் இல்லை என்று வந்தது. படர்தாமரை மனிதருக்கும் ஒட்டும், வீட்டில் அம்மா இருக்கிறார். அதனால் அந்த முடிவு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்படியானால் பினாங்கில் ஒரு பூனைக்கு எப்படித் தோல் வறளும்? காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் ஊர் இது. டாக்டர் வீட்டு நிலவரத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார். மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், ராத்திரி முழுக்க அவள் அறையில் ஏர்கான் ஓடும், கருப்பி அதற்கு நேர் கீழே படுக்கும். சாப்பாடு, மலிவான பிஸ்கட்டும் அம்மா பிசைந்து தரும் சோறும் அவித்த கெம்போங் மீனும். தண்ணீர்க் கிண்ணம் பக்கம் போவதே இல்லை. செதில் ஏன் இடுப்பில் மட்டும்? இந்தப் பருமனில் கருப்பியின் நாக்கு அங்கே எட்டவில்லை. நக்கி நக்கித்தான் பூனை தன் எண்ணெய்ப்பசையை உடம்பெல்லாம் பரப்பிக்கொள்ளும், உதிர்ந்த தோலையும் எடுத்துக்கொள்ளும். இதை நான் ஆறு வருடமாகக் கவனித்ததே இல்லை. கருப்பி குனிந்து திரும்பும், பாதியில் நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

உணவை மாற்றியதுதான் பெரிய போராட்டம். ஈரமான முழு உணவு, அதாவது டின்னிலும் பாக்கெட்டிலும் வருவது. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பிஸ்கட்டில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றச் சொன்னார். எடை குறைக்கிறேன் என்று பட்டினி மட்டும் போடக் கூடாது, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே பருமனான பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து. கருப்பி முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டிவிட்டுப் போனாள். அரைத்த விழுது மாதிரி இருந்ததை நான்கு நாள் தொடவில்லை, பிஸ்கட்டை மட்டும் பொறுக்கித் தின்றாள். ஐந்தாம் நாள் குழம்போடு துண்டாக இருக்கும் வகையை வாங்கி, கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினேன். வாசனை எழுந்தது. ஜன்னலோரத்திலிருந்து இறங்கி வந்து தட்டை வழித்துவிட்டாள். சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தோலுக்காக டாக்டர் தரச் சொன்ன மீன் எண்ணெயில் நான் ஒரு தப்பு செய்தேன். சீக்கிரம் குணமாகட்டும் என்று மூன்றாம் நாளே அளவை இரட்டிப்பாக்கினேன். ராத்திரியே பேதி. மறுபடி பாதி அளவிலிருந்து தொடங்கினோம். அம்மா அதற்குள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காட் லிவர் எண்ணெயை வாங்கி வந்துவிட்டார். இரண்டும் ஒன்றில்லை. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏயும் டியும் அதிகம், பூனை உடம்பில் சேர்ந்து நஞ்சாகும். ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம், அதிலிருக்கும் ஒமேகா-3 கொழுப்பைத் தோலுக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்ற பூனை உடம்பால் சரியாக முடியாது. மீன் குழம்பை ஊற்றிச் சோறு பிசையும் பழக்கத்தையும் அம்மாவிடம் சொல்லி நிறுத்தினேன். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்றதும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் கெம்போங் உண்டு, வாரம் ஒரு துண்டு, உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து.

தண்ணீரை உணவிலிருந்து தள்ளி, மீசை இடிக்காத அகலமான பாத்திரத்தில் வைத்தேன். கருப்பியின் படுக்கையை ஏர்கான் அடிக்காத மூலைக்கு மாற்றினேன். மாலையில் மெல்லிய பிரஷ்ஷால் ஐந்து நிமிடம் வாருகிறேன்.

மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. பயந்து போன் செய்தேன். பூனையின் மேல்தோல் புதுப்பிக்கவே கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆகும், ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள் என்றார் டாக்டர். ஏழாவது வாரம் கறுப்பு டீ-ஷர்ட்டை விரித்து அதன்மேல் வாரினேன். ஏழெட்டுச் செதில். ஒரு மாதத்துக்கு முன் அதே துணியை உதறித் துவைக்க வேண்டியிருந்தது.

போன வாரம் 5.6 கிலோ. வால் அடியில் இன்னும் கொஞ்சம் உரிகிறது, ஜூலையில் மறுபடி காட்ட வேண்டும். ஊசிச் சீட்டை கருப்பியின் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். நேற்று மதியம் அம்மா கூப்பிட்டார். ஓடிப் பார்த்தேன். கருப்பி பின்காலைத் தூக்கி, உடம்பை வளைத்து, வாலுக்கு மேலே தன் முதுகை நக்கிக்கொண்டிருந்தாள்.