இரண்டாம் வயலின் வரிசையில் இருந்து

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி எப்படித் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். விளம்பரத்திலோ கைபேசி மணியிலோ கேட்டிருப்பீர்கள். நம் சுரத்தில் சொன்னால் ப ப ப கா, ம ம ம ரீ. தந்தி வாத்தியங்கள் எல்லாமும் கிளாரினெட்டுகளும் ஒரே குரலில் அதை இரண்டு தரம் சொல்லிவிட்டு நிற்கும். அதற்குப் பிறகு முதலில் வாய் திறப்பது யார்? இரண்டாம் வயலின்கள், அதாவது மெட்டு வாசிக்கிற முதல் வயலின்களுக்குத் துணையாக இருக்கிற இரண்டாவது வயலின் வரிசை. அதே ப ப ப கா, ஆனால் மெல்ல. அது அடங்க முன்னமே வியோலாக்கள், வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியங்கள், த த த பா என்று எடுக்கும். அதற்கு மேலே முதல் வயலின்கள் க க க ஸா. கேட்கிற ஆளுக்கு ஒரே வரிதான். வாசிக்கிற எங்களுக்கு அது மூன்று வரிசை சேர்ந்து சொல்லி முடிக்கிற வசனம்.

நான் படித்த கல்லூரியின் ஓர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வாசிக்கிறேன். மாணவிகளோடு எங்களைப் போன்ற பழைய மாணவிகளும் சேர்ந்த குழு. காற்று வாத்தியங்களுக்குப் பக்கத்து ஆண்கள் கல்லூரி பாண்ட் பெடியன்கள் வருவார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் பழைய மண்டபத்தில் பயிற்சி. மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வையில் தாடைப்பலகை வழுக்கும். அதனால் விசிறியைப் போட்டுவிட்டு, தாள்களை உடுப்புக் கொழுவுகிற கிளிப்பால் ஸ்ராண்டில் இறுக்கி வைத்திருக்கிறோம்.

சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா என்று சொல்லக் கேட்டால் பெரிதாகத்தான் இருக்கும். எங்களிடம் ஓபோ, பசூன் என்கிற குழல் வாத்தியங்கள் இல்லை, டபுள் பேஸ் என்கிற ஆகப் பெரிய தந்தி வாத்தியமும் இல்லை. டபுள் பேஸின் வரியைக் கீபோர்ட் இடது கை பார்த்துக்கொள்கிறது. ஹோர்ன் என்கிற பித்தளை வாத்தியத்தின் இடத்தில் பாண்டிலிருந்து வந்த யூபோனியம், அதுவும் பித்தளைதான். வியோலாவுக்கு ஆள் இல்லாததால், எங்களை நடத்துகிற சேர் அந்த வரியை வயலினுக்கு மாற்றி எழுதித் தந்தார். வயலினின் அடித்தந்தி ஜி. வியோலா அதற்கும் கீழே சி வரை போகும். அந்தக் கீழ்ச் சுரங்கள் வருகிற இடமெல்லாம் ஒரு ஸ்தாயி மேலே தூக்கி எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் பென்சிலில் எழுதி, பிறகு மையால் எழுதி, பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். அந்தத் தாள்களை நான் இப்பவும் மடிக்காமல்தான் வைத்திருக்கிறேன்.

சின்னனில் இருந்து நான் படித்தது கர்நாடக சங்கீதம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதி வந்தவள். தரையில் சப்பாணி கட்டி இருந்து, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, ச ப ச ப என்று சுருதி சேர்த்து வாசித்த கை இது. இங்கே கதிரை நுனியில் நிமிர்ந்து இருக்க வேண்டும், வாத்தியத்தைத் தோளும் தாடையும்தான் தாங்கும். தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் ச, ப, ரி, த. இதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும். பழகாதது வேறொன்று. கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிக்கிறவர் பாடுகிறவரின் பின்னாலேயே போவார். அவர் எங்கே வளைகிறாரோ அங்கே வளைய வேண்டும், அவர் விட்ட இடத்தில் தன் கற்பனையைக் காட்டவும் வேண்டும். ஓர்கெஸ்ட்ராவில் பின்னால் போனால் பிந்திவிடுவோம். பக்கத்தில் இருப்பவரின் வில் தந்தியில் படுகிற அதே கணத்தில் என் வில்லும் பட வேண்டும். அதற்குக் காது மட்டும் காணாது, மூச்சும் சேர்ந்து எடுக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே அதற்குச் சோதனை இருக்கிறது. முதல் ப-வுக்கு முன்னால் பீத்தோவன் ஒரு சின்ன ஓய்வை வைத்திருக்கிறார். சேரின் கை கீழே இறங்குகிற அடியில் ஒருவரும் வாசிக்கக் கூடாது, அது வெறும் இடம். அடி விழுந்து அரை எண்ணிக்கை தள்ளித்தான் எடுப்பு. மேற்கத்தேய வயலின் மட்டும் படித்த பிள்ளைகள் இதில் திணறினார்கள். "அனாகத எடுப்பு, அரை இடம்" என்று நான் சொன்னதும் சங்கீதம் படித்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சரியாக எடுத்தார்கள். மற்றவர்களுக்குத் துடையில் தாளம் போட்டுக் காட்டினோம். சேருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. அடுத்த கிழமை அவரே "அரை இடம், பிள்ளையள்" என்று சொல்லித்தான் கையைத் தூக்கினார்.

"உன்னை ஏன் முதல் வயலினில போடேல்லை?" என்று அம்மா கேட்டா. மாமாவும் கேட்டார். யாழ்ப்பாணத்தில் முதலாம், இரண்டாம் என்றால் அது பரீட்சை முடிவுதான். நான் விரும்பிக் கேட்டு இருந்த இடம் அது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். முதல் வயலினில் மெட்டு இருக்கும், வீட்டில் தனியே வாசித்தாலும் பாட்டாகக் கேட்கும். என் தாளை வீட்டில் வாசித்தால் அம்மா குசினியில் இருந்து, "என்ன பிள்ளை, ஒரே சுரத்தையே உரசிக்கொண்டு இருக்கிறாய்?" என்பா. அந்த ஒரே சுரம்தான் மண்டபத்தில் மெட்டுக்குக் கீழே நிலம் போடுகிறது. அது இருண்ட மெட்டா, வெளிச்சமான மெட்டா என்று பல இடங்களில் முடிவு செய்வது நடுவில் இருக்கும் எங்கள் சுரம்தான். ஒரு நாள் இரண்டாம் வயலின்களை நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் சேர் வாசிக்கச் சொன்னார். எட்டு வரி போயிருக்காது, முதல் வயலின் பிள்ளைகளே வில்லை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை. அமெரிக்க மிஷன் இங்கே வந்தது 1816இல். உடுவிலில் பெண்களுக்கான பாடசாலை 1824இல். தமிழ்க் கீர்த்தனங்களோடு நான்கு குரல் பாட்டும் இந்த ஊரில் தலைமுறைகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நடுக்குரலில் நிற்கிற பழக்கம் அவர்களுக்கு வீட்டுச் சொத்து. "எங்கட சங்கீதம் இருக்க இது எதுக்கு?" என்று கேட்கிற மாமாவுக்கு நான் சொல்வது இன்னொரு கதை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் படித்ததால்தான் அந்த வாத்தியம் எங்கள் கச்சேரி மேடைக்கு வந்தது. கேட்டு வாங்கின பொருள் வந்த வீட்டை ஒரு தரம் எட்டிப் பார்ப்பதில் என்ன குறை?

எங்கள் கிளாரினெட் தம்பி இணுவிலில் நாதஸ்வரக் குடும்பத்துப் பெடியன். முதல் பகுதியின் பின்பாதியில் ஓரிடத்தில் முழு ஓர்கெஸ்ட்ராவும் நின்றுவிட, ஓபோ மட்டும் தனியே ஒரு சின்ன வரி வாசிக்கும். அத்தனை வேகத்துக்கும் கோபத்துக்கும் நடுவில், தாளக் கட்டு இல்லாமல், மெல்ல. ஓபோ இல்லாததால் அது தம்பியிடம் போனது. பி பிளாட் கிளாரினெட்டில் எழுதிய சுரத்தைவிட ஒலி ஒரு முழுச் சுரம் இறங்கிக் கேட்கும், ஆகையால் வரியை ஒரு சுரம் ஏற்றி எழுத வேண்டும். தம்பி அதைத் தானே எழுதிக்கொண்டு வந்தான். வாசித்தபோது இறங்குகிற இடத்தில் ஒரு சுரத்தைச் சற்றே வழுக்கி விட்டான். ஆலாபனையில் வளர்ந்த விரல், வேறென்ன செய்யும்? சேர் கையைத் தூக்கியபடியே கேட்டுக்கொண்டு நின்றார். "வடிவு. ஆனா இதில ஒவ்வொரு சுரமும் தனித்தனியாத் தெரிய வேணும். மூச்சை மட்டும் உன்ர வீட்டு மூச்சா வை" என்றார். தம்பி கிளாரினெட்டின் வாய்ப்பகுதியைக் கழற்றி, றீட்டை நாக்கில் நனைத்து, திரும்பப் பூட்டி இன்னொரு முறை வாசித்தான். சுரங்கள் நேராக நின்றன. ஆனால் ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததுக்குப் போகிற அந்த நீளமான மூச்சு, கோயில் வீதியில் விடிய முன்னம் கேட்கிற மூச்சு. எந்த இசைத்தட்டிலும் நான் அதை அப்படிக் கேட்டதில்லை.

இந்தச் சிம்பொனி முதல் முறை வாசிக்கப்பட்டது 1808 டிசம்பர் 22, வியன்னாவில். நாலு மணித்தியாலம் போன நிகழ்ச்சி, குளிரில் உறைந்த மண்டபம், போதிய ஒத்திகை இல்லாத வாத்தியக்காரர்கள். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். அதைவிடப் பிடித்த செய்தி, பீத்தோவன் இளம் வயதில் ஜெர்மனியின் பொன் (Bonn) நகரத்து அரண்மனை ஓர்கெஸ்ட்ராவில் வியோலா வாசித்தவர் என்பது. நடு வரிசையில் இருந்து கேட்ட ஆள். எங்களுக்கு அந்தத் தொடக்கத்தை எழுதித் தந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

முதல் பகுதியைப் பரிசளிப்பு விழாவில் வாசித்துவிட்டோம். அடுத்தது இரண்டாம் பகுதி, ஏ பிளாட் மேஜர். அதன் மெட்டைத் தொடங்குவதே வியோலாவும் செல்லோவும்தான், வயலினை வைத்துச் சமாளிக்கிற வேலை அங்கே சரிவராது. கொழும்பிலிருந்து ஒரு வியோலா இரவலாக வருகிறது, இன்னொன்று வேண்டும். யாருடைய வீட்டு அலுமாரிக்கு மேலாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்று கிடந்தால் திறந்து பாருங்கோ. தந்தி அறுந்திருந்தாலும் பரவாயில்லை, சனிக்கிழமை பின்னேரம் கொண்டு வாருங்கோ. வாசிக்க ஆள் நாங்கள் பழக்கி எடுப்போம்.