வீர. அழகப்பனும் வெ. அழகப்பனும்

காரைக்குடிப் பக்கம் பட்டப்படிப்பு முடிக்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "டேட்டா இன்ஜினியரிங்குக்கு எந்த கோர்ஸ்ல சேரலாம்?" நான் கோர்ஸ் எதிலும் சேரவில்லை. அப்ரண்டிஸாக, அதாவது நிறுவனத்தில் இருந்தபடியே தொழில் பழகுகிறவளாகப் போய்த்தான் இந்த வேலையைக் கற்றேன். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

2023இல் பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு, காரைக்குடியிலேயே ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஓராண்டு அப்ரண்டிஸ் இடம் கிடைத்தது. ஒன்றிய அரசின் நாட்ஸ் (தேசிய அப்ரண்டிஸ் பயிற்சி) திட்டத்தில் வரும் இடம். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் நடப்பது. 2019இல் திருத்திய விதிப்படி அப்போது பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. அதில் பாதியை அரசு ஏற்றது. சென்னையில் இருக்கும் அம்மான், லட்சக்கணக்கில் பணம் கட்டி ஒரு பயிற்சி மையத்தில் சேரச் சொன்னார்கள். "படிச்ச பிள்ளைக்கு ஒம்பதாயிரமா?" என்று அம்மாவுக்கும் மனசு ஒப்பவில்லை. ஐயாதான் (தாத்தா), "எங்க அப்பச்சி (அப்பா) மலாயாவுக்குப் பெட்டியடிப் பையனாத்தான் போனாக. கணக்கு எழுதுறவுக பக்கத்துல உக்காந்தாத்தான் கணக்கு வரும். போகட்டும்" என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு இந்தக் கதை தெரியும். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அப்புறம் மேலாளாக வேண்டும். பேரேடு எப்படி எழுதுவது, ஐந்தொகை எப்படி எடுப்பது என்று யாரும் வகுப்பு எடுக்கவில்லை. எழுதுகிறவர் பக்கத்தில் இருந்து பார்த்தே பழகினார்கள். நான் பழகியதும் அப்படித்தான்.

எங்கள் வேலை என்னவென்று ஒரு வரியில் சொன்னால்: பல இடங்களில் பல விதமாகப் பதிவாகும் தகவலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுத்தம் செய்து, காலையில் ஒருவர் திறந்து பார்க்கும்போது நம்பும்படி வைப்பது. தகவலைக் கேட்டு எடுக்கும் எஸ்.கியூ.எல். மொழியும் பைத்தான் நிரல்மொழியும் தெரிய வேண்டும். ஏர்ஃப்ளோ போன்ற ஒரு மென்பொருளில் வேலைகளை நேரப்படி ஓட்டத் தெரிய வேண்டும். இவற்றை வீட்டில் உட்கார்ந்தே கற்றுவிடலாம். வீட்டில் கிடைக்காதது அழுக்கான தகவல். பயிற்சிக்கென்று இணையத்தில் கிடைக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை யாரோ துவைத்து இஸ்திரி போட்டவை.

எனக்கு வந்த முதல் பெரிய வேலை, ஒரு நகைக்கடையின் வாடிக்கையாளர் பட்டியல். பழைய பில்லிங் மென்பொருளில் ஒன்று, புதியதில் ஒன்று, நகைச்சீட்டுக்குத் தனியாக ஒன்று. மூன்றையும் சேர்த்து, ஒரே ஆள் இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றாக்க வேண்டும். ஏற்கெனவே எழுதிவைத்த கோடு (கணினி நிரல்) இருந்தது. பெயர், ஊர், முகவரி மூன்றும் ஒத்துப்போய், இனிஷியலின் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று முடிவு செய்யும். வெளியூரில் எழுதிய கோடு அது. பல ஊர்களுக்கு அது போதுமாகக்கூட இருந்திருக்கும்.

செட்டிநாட்டுக்குப் போதாது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயரை வைப்பது வழக்கம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மகன் பிறந்தால் இரண்டு பையனுக்கும் அதே பெயர்தான். இரண்டு பேருக்கும் பூர்வீக வீடு ஒன்று என்பதால் முகவரியும் ஒன்று. அவர்களைப் பிரித்துக் காட்டுவது அப்பா பெயரில் வரும் இனிஷியல். அதனால்தான் அது பெரும்பாலும் ஒற்றை எழுத்தோடு நிற்பதில்லை. ராம., பழ., சுப. என்று எழுதுவார்கள். ஆங்கிலத்திலும் இரண்டு எழுத்து வரும். வீரப்பன் மகன் வீர. அழகப்பன், வெள்ளையன் மகன் வெ. அழகப்பன் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). ஆங்கிலத்தில் இரண்டுமே 'வி'யில்தான் தொடங்கும். முதல் எழுத்தை மட்டும் பார்க்கும் கோடு இரண்டு அழகப்பனையும் ஒரே ஆளாக்கி, ஒருவர் கட்டிய சீட்டுப் பணத்தை இன்னொருவர் பெயரில் சேர்த்துவிடும்.

சோதனை ஓட்டத்தின் முடிவைப் பார்த்ததும் எனக்கு இது கண்ணில் பட்டது. எனக்குப் பொறுப்பாக இருந்த அக்கா திருநெல்வேலிக்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கோடைத் தொடாதே. முதல்ல கடைக்குப் போய், சீட்டு எழுதுறவங்க இவங்களை எப்படிப் பிரிக்கிறாங்கன்னு கேட்டுட்டு வா" என்றார். போனேன். அங்கே கணக்கு எழுதும் பெரியவர் யோசிக்கவே இல்லை. "முழு இனிஷியலும் போன் நம்பரும் பார்ப்பேன். போன் நம்பர் ஒண்ணா இருந்தா கூப்பிட்டுக் கேட்டுருவேன்." அதையே விதியாக எழுதினோம், சந்தேகமானவற்றைத் தானாகச் சேர்க்காமல் அவர் பார்ப்பதற்குத் தனிப் பட்டியலாக அனுப்பினோம். இந்த ஊர்க்காரி என்பது இந்த வேலைக்கு ஒரு தகுதி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

அடுத்தது பால். சில கொள்முதல் நிலையங்களின் கணக்கு எங்களிடம் வந்தது: உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), நேரம். பத்து நாளைக்கு ஒருமுறை பணம் பட்டுவாடா. 11ஆம் தேதி விடியற்காலை ஒருவர் ஊற்றிய பால் முந்தின பட்டுவாடாவில் ஏறியிருந்தது. பால் ஊற்றியபோது கிடைத்த ரசீதுச் சீட்டையும் பட்டுவாடாப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு வேளைப் பால் இடம் மாறியதை அவரே கண்டுபிடித்துவிட்டார். அந்த ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு, மெஷினிலிருந்து கடைசி அறிக்கைவரை அது போகும் வழியெல்லாம் போய்ப் பார்க்கச் சொன்னார் அக்கா. சர்வர் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை 5.10க்கு ஊற்றிய பால் அங்கே 10ஆம் தேதி இரவு 11.40. ஐந்தரைக்குமுன் வருகிறவர்களுக்கெல்லாம் தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும். நேரத்தை யு.டி.சி.யிலேயே சேமித்து, தேதியை மட்டும் இந்திய நேரப்படி பிரித்ததும் சரியானது. இருட்டோடு எழுந்து பால் கறந்து வருகிறவர்களுக்குத்தான் அந்தப் பிழை விழுந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்றும் அங்கேதான் பழகினேன். ஒரு வேலை பாதியில் நின்று மறுபடி ஓடினால் தொகை இரட்டிப்பாகக் கூடாது. ஆகவே எந்த நாளுக்கு ஓடுகிறதோ அந்த நாளின் பதிவை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். முடிந்ததும் வந்த வரிகள் எத்தனை, ஏறிய வரிகள் எத்தனை, லிட்டர் கூட்டுத்தொகை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அறிக்கை வெளியே போகாது.

சேர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அதை முதலிலேயே தெரிந்துகொண்டு போங்கள். என்னை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. இன்டர்வியூவில் நீங்களும் கேளுங்கள்: என் கோடை யார் படித்துப் பார்ப்பார்? நிஜமான தகவலைத் தொட விடுவீர்களா? தகவலைப் பதிவு செய்கிறவர்களிடம் நான் நேரில் பேசலாமா? மூன்றாவதற்குத் தயங்காமல் "போய்ப் பேசு" என்று சொல்கிற இடமாக இருந்தால், ஸ்டைபண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அங்கே சேருங்கள்.