பெல்ட் எப்போது கட்டலாம்: சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) கராஜ் குறிப்புகள்

ஜூன் 8

அண்ணன் மகளுக்கு, எடை தூக்கும்போது வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட் வேண்டுமாம். ஸ்குவாட்டில், அதாவது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதில், இப்போதுதான் 40 கிலோவுக்கு வந்திருக்கிறாள், ஒரு ரெப் (ஒரு தடவை இறங்கி எழுவது) போல இன்னொரு ரெப் இருப்பதில்லை, ஒன்றில் குதிகால் தூக்கும், அடுத்ததில் முட்டி உள்ளே சாயும். "அத்தை, ஜிம்ல எல்லாரும் கட்டுறாங்க, கட்டினா முதுகுக்கு ஒண்ணும் ஆகாதாம்" என்கிறாள். எல்லாரும் கட்டுவது போகட்டும், முதுகுக்கு ஒன்றும் ஆகாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பதுதான் எனக்குக் கவலை. பெல்ட் காயத்துக்குக் காப்பு கிடையாது. கிடங்குகளில் சுமை தூக்குகிறவர்கள் கட்டும் எலாஸ்டிக் பட்டையைப் பற்றி அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1994-இலேயே சொல்லிவிட்டது: காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அது வேறு பட்டை, வேறு வேலை, ஆனால் கட்டினதும் வருகிற அந்தத் தைரியம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்தத் தைரியத்தில்தான் தூக்க முடியாததைத் தூக்கப் போவார்கள்.

ஜூன் 15

இன்று பாரையே தொடவிடவில்லை, மூச்சு மட்டும்தான். கராஜ் தரையில் பாயை விரித்துப் படுக்கச் சொன்னேன், முட்டி மடக்கி. இரண்டு கட்டைவிரலையும் இடுப்பெலும்புக்கு மேலே பக்கவாட்டில் அழுத்தி வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து அந்த விரல்களை வெளியே தள்ளு என்றேன். நெஞ்சுதான் எழும்பியது, தோள் காதுவரை வந்தது, விரல் அசையவே இல்லை. பலருக்கும் இப்படித்தான், வயிற்றை உள்ளே இழுப்பதைத்தான் இறுக்குவது என்று நினைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து முன்பக்கம் வந்தது, அப்புறம் பக்கவாட்டில் வந்தது, கடைசியில் முதுகுப் பக்கம் பாய் அழுந்துவது அவளுக்கே தெரிந்தது. முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பெல்ட்டின் வேலையும் இதை வைத்துத்தான். மூச்சை இழுத்து அடக்கி வயிற்றைச் சுற்றிலும் தள்ளும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம்தான் நடு உடம்பை விறைப்பாக்கி முதுகெலும்பைத் தாங்குகிறது. தள்ளுகிற வயிற்றுக்கு எதிரே ஒரு சுவர் இருந்தால் அழுத்தம் இன்னும் ஏறும், அந்தச் சுவர்தான் பெல்ட். சைக்கிளுக்கு டயர் எப்படியோ அப்படி, உள்ளே ட்யூபில் காற்றில்லாமல் டயர் எதையும் தாங்காது.

ஜூன் 29

குளிர். பார் கையில் ஐஸாக இருக்கிறது. 45 கிலோ, ஐந்து ரெப், ஒவ்வொன்றுக்கும் மேலே நின்று புது மூச்சு எடுத்து இறங்கினாள். குதிகால் தூக்கவில்லை.

ஜூலை 13

எத்தனை கிலோவில் கட்டலாம் என்று மறுபடி கேட்டாள். உடல் எடை அளவுக்கு ஸ்குவாட் வந்ததும் என்பார்கள் சிலர், ஒன்றரை மடங்கு என்பார்கள் சிலர், மோசமான கணக்கில்லை, அந்த எடை வருவதற்குள் பெரும்பாலும் உடம்பு பழகியிருக்கும். ஆனால் நான் எண்ணைப் பார்ப்பதில்லை. பெல்ட் இல்லாமல் கனமான செட்டின் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ரெப்களின்) கடைசி ரெப்பும் முதல் ரெப் மாதிரியே இருக்கிறதா, நினைவுபடுத்தாமலே மூச்சு வயிற்றைச் சுற்றிப் போகிறதா, இந்த இரண்டும்தான் எனக்கு. இருந்தால் மூன்றாவது மாதத்திலேயே கட்டலாம், இல்லாவிட்டால் 100 கிலோ தூக்கினாலும் கட்ட வேண்டாம். அதே சமயம், கட்டினால் வயிற்றுத் தசை சோம்பேறியாகிவிடும் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவதும் வீண். சுவரைத் தள்ளுவதும் அந்தத் தசைதானே.

ஒன்று முக்கியம். மூச்சடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் விர்ரென்று ஏறும், பெல்ட்டோடு இன்னும் கூட. நம் வீடுகளில் பிரஷர் மாத்திரை இல்லாத அலமாரி உண்டா? பிரஷரோ குடலிறக்கமோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஜூலை 27

அவளுக்கு நேரம் வந்துவிட்டது. 60 கிலோ, கிட்டத்தட்ட அவள் எடை, ஐந்து ரெப்பும் ஒரே அச்சு.

கடையில் முன்பக்கம் ஒடுங்கிப் பின்பக்கம் அகன்ற பெல்ட்டைக் காட்டினார்கள். வேண்டாம் என்றேன், வயிறு தள்ளுவது முன்னால்தானே, அங்கே ஒடுக்கி என்ன பயன்? சுற்றிலும் ஒரே அகலம் இருக்க வேண்டும். பவர்லிஃப்டிங் என்ற எடை தூக்கும் போட்டியில் சர்வதேசச் சம்மேளனத்தின் உச்சவரம்பு 10 சென்டிமீட்டர் அகலம், 13 மில்லிமீட்டர் தடிமன். அந்தத் தடிமன் தோல் புதுசில் பலகை மாதிரி, விலாவையும் இடுப்பையும் கன்ற வைக்கும். புதியவர்களுக்கு 10 மில்லிமீட்டரே தாராளம். உடம்பு குட்டையாக இருந்தால் 7.5 சென்டிமீட்டர் அகலமும் நல்லது. கொக்கி வைத்ததையே வாங்கினோம், துளை மாற்றிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 9

இங்கே மகளிர் தினம், விடுமுறை, காலையிலேயே வந்துவிட்டாள். வார்ம்-அப் செட் எல்லாம் பெல்ட் இல்லாமல், கடைசிக் கனமான செட்டுகளுக்கு மட்டும் கட்டினோம். முதலில் மூச்சை வெளியே விட்டு வயிற்றைச் சுருக்கி முடிந்த மட்டும் இறுக்கிக்கொண்டாள். அவிழ்க்கச் சொல்லி ஒரு துளை தளர்த்தினேன், ஒரு விரல் நுழைய வேண்டும், தள்ள இடமில்லாவிட்டால் அந்தத் தோலுக்கு வேலையே இல்லை. மூச்சை இழுத்ததும் தோல் லேசாகக் கிறீச்சிட்டது, பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன், சுற்றிலும் ஒரே இறுக்கம். 62.5 கிலோ, ஐந்து ரெப். செட் முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும், பைசெப்ஸுக்கும் மெஷினுக்கும் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்டில் குனியும்போது பெல்ட் விலாவில் குத்துகிறதாம். அடுத்த வாரம் ஒரு விரல் மேலே ஏற்றிக் கட்டிப் பார்ப்போம், அதற்கும் சரிவராவிட்டால் டெட்லிஃப்டுக்கு இன்னொரு துளை தளர்த்தலாம்.