முந்திக்கொண்டு பேசிய ரோபோ

ஒரு பெரிய மருத்துவமனையின் முகப்புக் கூடத்தில் வழிகாட்டும் ரோபோவை நிறுவிய குழுவில் நான் ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றினேன். முதல் வாரம் அதைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. மூன்றாம் வாரத்தில் அதைக் கண்டதும் சுவரோரமாக ஒதுங்கி நடப்பவர்களே மிகுதி. பேச்சறியும் மென்பொருளை மேம்படுத்தினால் போதும் என்று குழுவில் எல்லோரும் நம்பினோம். இரண்டு நாள் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வேறு காரணம் தென்பட்டது.

இரண்டு மீட்டருக்குள் யார் வந்தாலும் வணக்கம் சொல்லும்படி நிரல் எழுதியிருந்தோம். பரிசோதனை முடிவைக் கையில் பிடித்தபடி கலங்கிய முகத்தோடு கடந்தவருக்கும், அன்று ஐந்தாவது முறையாக அவ்வழியே வந்த செவிலியருக்கும் அதே துள்ளல் குரலில் அதே வணக்கம். கடப்பவரைத் தலை திருப்பிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, நின்றவரிடம் மட்டும் பேசும்படி மாற்றினோம்.

தாமதம்தான் பெரிய தலைவலி. மனிதர் உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக 0.2 நொடிதான் கழிகிறது. எங்கள் ரோபோ மூன்று நொடி கல்லாக நிற்கும். காதில் விழவில்லை போலும் என்று கேட்டவர் மறுபடி உரக்கக் கேட்பார். அதே கணத்தில் அதுவும் வாய் திறக்கும். இரு குரலும் மோதியதில் மூன்றாவதாக ஏதோ ஒன்றைப் புரிந்துகொள்ளும். தாமதத்தைக் குறைக்க இயலாததால், தலையைச் சற்றே சாய்த்து ‘ம்... பார்க்கிறேன்’ என்று சொல்ல வைத்தோம். மக்கள் காத்திருந்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இலேயே இந்த உத்தியைச் சோதித்திருந்தார்கள். முன்பே படித்திருந்தால் எனக்கு ஒரு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும்.

உருவத்தைப் போலவே குரலும் ஒரு வாக்குறுதிதான். ஜப்பானில் தகனோரி ஷிபாதா 1993 முதல் உருவாக்கிய பாரோ என்ற சிகிச்சை ரோபோவுக்குச் சீல் என்ற கடல் விலங்குக் குட்டியின் உருவம் தரப்பட்டதற்குக் காரணம் உண்டு: நாயையும் பூனையையும் எல்லோரும் நன்கறிவார்கள், போலியில் உடனே குறை காண்பார்கள். எங்கள் ரோபோவோ தேர்ந்த அறிவிப்பாளரைப் போலப் பேசிவிட்டு, ‘மன்னிக்கவும், புரியவில்லை’ என்பதையே நான்கு முறை ஒப்பித்தது. குரலை எளிமையாக்கி, இரண்டாம் முறையும் புரியாவிட்டால் விசாரணை மேசையைக் கைகாட்டும்படி செய்தோம். அது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று மேலாளர் முகம் சுளித்தார்.

எலும்பு மருத்துவரைத் தேடி வந்த ஒரு முதியவரை அது அப்படித்தான் மேசைக்கு அனுப்பியது. அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தபோது, ஆள் இருந்த மேசையைத் தாண்டிப்போய் ரோபோவின் முன் நின்று, ‘எ-லு-ம்-பு’ என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.